4.0 ஜீப் இன்ஜினுக்குள் 4.2 கிராங்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீப் செரோக்கி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான். பழைய 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினின் கிராங்கை, அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டை, எடுத்து 4.0 லிட்டர் இன்ஜினின் பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள உடற்பகுதியில்) போடலாமாமே, உண்மையா? உண்மைதான். அமெரிக்காவில் இதைப் பல வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் கிராங்க் உள்ளே உட்கார்ந்துவிடுவதாலேயே வேலை முடிந்தது என்று நினைத்துப் பணத்தை இழந்தவர்களும் உண்டு. கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இரண்டும் வேறு வேறு இன்ஜின் ஆயிற்றே, ஒன்றின் கிராங்க் இன்னொன்றில் எப்படிப் பொருந்துகிறது?

இரண்டும் ஒரே குடும்பம். அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜினின் வழியில் வந்தவை. அதில் 199, 232, 258 கன அங்குலம் என்று பல அளவுகள் இருந்தன. 258 வந்தது 1971-இல். நாம் 4.2 என்று சொல்வது அதைத்தான். ஹார்னெட், கிரெம்லின், ஈகிள் ஆகிய கார்களிலும், சிஜே ஜீப்களிலும், 1987 முதல் 1990 வரை முதல் ராங்க்ளரிலும் அது ஓடியது.

4.0 இன்ஜின் 1987 மாடல் செரோக்கியில் வந்தது. போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) அகலமாக்கி, ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை) குறைத்து, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைப் புதிதாகச் செய்து, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வைத்தார்கள். அந்த வருடமே கிரைஸ்லர் அமெரிக்கன் மோட்டார்ஸை வாங்கிவிட்டது. இன்ஜின் மட்டும் 2006 ராங்க்ளர் வரை நிலைத்தது.

கிராங்க் உட்காரும் இடத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. ஜர்னல் என்பது பேரிங்குக்குள் சுற்றும் கிராங்கின் வட்டப் பகுதி: மெயின் ஜர்னல் பிளாக்கில் உட்காரும், ராடு ஜர்னலில் பிஸ்டனைத் தாங்கும் ராடு மாட்டும். ஏழு மெயின் பேரிங், மெயின் ஜர்னல் விட்டம் 2.5 அங்குலம், ராடு ஜர்னல் ஏறக்குறைய 2.095 அங்குலம், எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. பின்பக்க ஆயில் சீலும் அப்படியே. அதனால் 4.2 கிராங்கைத் தூக்கி 4.0 பிளாக்கில் வைத்தால் அங்கேயே பிறந்ததுபோல் உட்காரும். வித்தியாசம் ஸ்ட்ரோக்கில்தான்: 4.0-க்கு 3.414 அங்குலம், 4.2-க்கு 3.895 அங்குலம். ஏறக்குறைய அரை அங்குலம் கூடுதல். இந்த வேலையின் லாபமும் தலைவலியும் அந்த அரை அங்குலத்திலிருந்தே வருகின்றன.

அப்படியென்றால் கிராங்கை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் பழையபடி போட்டுவிடலாமா?

முடியாது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கூட்டல் கணக்கு இருக்கிறது. இது புரிந்தால் எந்த இன்ஜினிலும் கிராங்க் மாற்றத்தை நீங்களே எடைபோடலாம்.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலை எங்கே நிற்கும்? கிராங்கின் நடு மையத்திலிருந்து மேல்நோக்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். முதலில் ஸ்ட்ரோக்கில் பாதி. அப்புறம் கனெக்டிங் ராடின் நீளம், அதாவது பெரிய கண்ணின் மையத்திலிருந்து சின்னக் கண்ணின் மையம் வரை. கடைசியாகப் பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம். இதைப் பின் உயரம் என்று வைத்துக்கொள்வோம். இந்த மூன்றின் கூட்டுத்தொகையை பிளாக்கின் டெக் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். டெக் என்பது ஹெட் உட்காரும் மேல்முகம்.

4.0 கம்பெனியிலிருந்து வரும்போது கணக்கு இது: 1.707 + 6.125 + 1.601 = 9.433 அங்குலம். டெக் சுமார் 9.453. ஆக, பிஸ்டன் டெக்குக்கு 20 தவ் கீழே நிற்கிறது. பட்டறையில் தவ் என்று சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது கிராங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். 1.9475 + 6.125 + 1.601 = 9.6735. பிஸ்டன் டெக்குக்கு மேலே 220 தவ், அதாவது ஐந்தரை மில்லிமீட்டர், வெளியே வந்து ஹெட்டில் போய் இடிக்கும்.

பிறகு எந்த ராடு, எந்த பிஸ்டன் போடுவது?

இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழியில் 4.2-இன் ராடையும் கிராங்கோடு சேர்த்தே எடுத்துக்கொள்வார்கள். அதன் நீளம் 5.875 அங்குலம். 4.0 ராடைவிடச் சரியாகக் கால் அங்குலம் குட்டை. ஸ்ட்ரோக் கூடியதால் பாதியில் ஏறிய உயரம் 0.2405 அங்குலம். கால் அங்குலம் குறைந்து, கிட்டத்தட்ட அதே அளவு ஏறுகிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகிறது. கூட்டிப் பாருங்கள்: 1.9475 + 5.875 + 1.601 = 9.4235. பிஸ்டன் டெக்குக்குச் சுமார் 30 தவ் கீழே நிற்கும். பழைய 4.0 பிஸ்டனே பொருந்திவிடும், பிஸ்டன் பின்னும் இரண்டுக்கும் ஒரே அளவு. கையில் அதிகம் பணம் இல்லாதவர்கள் போகும் பாதை இது. இந்தக் கூட்டணி இத்தனை பேருக்குக் கைகொடுத்ததற்கு அந்தக் கால் அங்குலப் பொருத்தம்தான் காரணம்.

இரண்டாவது வழி, நீளமான 4.0 ராடையே வைத்துக்கொண்டு, பின் உயரம் குறைந்த பிஸ்டனை வாங்குவது. கணக்குப்படி பிஸ்டன் டெக்குக்குச் சமமாக நிற்க 1.38 அங்குலப் பின் உயரம் வேண்டும். இது தனியாகச் செய்து வாங்க வேண்டிய பிஸ்டன், விலை கூடும். பதிலுக்கு ராடு நிமிர்ந்து நிற்கும். ராடு நீளத்துக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதம் 4.0-இல் 1.79. குட்டை ராடு போட்டால் 1.51-க்கு இறங்கிவிடும். நீள ராடு என்றால் 1.57. விகிதம் குறையக் குறைய ராடு சாய்ந்து, பிஸ்டனைச் சிலிண்டர் சுவரோடு அழுத்தும். அதே சமயம், 4.2 இன்ஜின் தன் ஆயுள் முழுக்க 1.51-இல்தான் ஓடியது, தினம் ஓட்டும் வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. புது பிஸ்டன் எப்படியும் வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது வழிக்குப் போங்கள், இல்லையென்றால் முதல் வழியே நல்லது.

எத்தனை லிட்டர் ஆகும்?

4.0-இன் போர் 3.875 அங்குலம். ரீபோர் செய்யாமல், அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்காமல், 4.2 கிராங்க் போட்டால் 276 கன அங்குலம், அதாவது 4.5 லிட்டர். 30 தவ் ரீபோர் செய்தால் 280 கன அங்குலம், இதை 4.6 என்பார்கள். 60 தவ் போனால் 284, அது 4.7.

60 தவ் போகும் முன் சிலிண்டர் சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். வார்ப்பில் மணல் கரு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோயிருக்கும். 30-க்கும் 60-க்கும் இடையில் கிடைப்பது நாலு கன அங்குலம்தான். அதற்காக பிளாக்கைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

கம்ப்ரஷன் எவ்வளவு ஏறும்? சாதாரண பெட்ரோலில் ஓடுமா?

நான் அதிகம் கவலைப்படும் கேள்வி இது. ஓடும் இன்ஜினுக்கும் உடையும் இன்ஜினுக்கும் நடுவில் நிற்பது இதன் பதில்தான்.

4.0-இல் ஒரு சிலிண்டர் இழுக்கும் அளவு 660 சிசி. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அடியில் நிற்கும்போது உள்ள இடத்துக்கும் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம், 8.8 என்று எடுத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் 84.6 சிசி. ஹெட்டின் குழி, கேஸ்கெட் தடிமன், பிஸ்டன் தலையிலுள்ள பள்ளம், டெக் இடைவெளி எல்லாம் சேர்ந்தது இது.

4.2 கிராங்க் போட்டதும் சிலிண்டர் இழுப்பது 753 சிசி ஆகிறது. மிச்ச இடமோ அதிகம் மாறவில்லை. டெக் இடைவெளி பத்து தவ் கூடியதால் கிட்டத்தட்ட 2 சிசி சேர்ந்து 86.5 ஆகிறது. இரண்டையும் கூட்டி, மிச்ச இடத்தால் வகுத்துப் பார்த்தால் கம்ப்ரஷன் 9.7. ஹெட்டைத் தொடவில்லை, பிஸ்டனையும் மாற்றவில்லை, ஆனாலும் 8.8 போய் 9.7 வந்துவிட்டது. 1980-களில் வடிவமைத்த வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு, அமெரிக்க 87 ஆக்டேன் பெட்ரோலில் இது இடிக்கும், அதாவது கலவையில் ஒரு பகுதி தானாகவே பற்றி வெடிக்கும். மேடு ஏறும்போது டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அதோடு ஓட்டிக்கொண்டே போனால் பிஸ்டனின் ரிங் மேடு உடையும்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பிஸ்டன் டெக்குக்கு 30 தவ் கீழே, கேஸ்கெட் நசுங்கியபின் 51 தவ். ஆக பிஸ்டனின் தட்டைப் பகுதிக்கும் ஹெட்டுக்கும் நடுவே 80 தவ் இடைவெளி. அங்கே 40 முதல் 50 தவ் இருந்தால்தான் கலவை நசுங்கிப் பீய்ச்சிக்கொண்டு தீப்பொறி பக்கம் பாயும், எரிவது வேகமாக முடியும், இடியும் குறையும். 80 தவ் இருந்தால் அந்த மூலையில் தங்கிய கலவை தானாகவே பற்றிக்கொள்ளப் பார்க்கும்.

சரி, டெக்கை 20 தவ் சீவிவிடலாமே? சீவலாம். இடைவெளி 60 தவ்வுக்கு வரும். ஆனால் கம்ப்ரஷன் 10.1-க்குப் போய்விடும். ஆகவே சீவுவதோடு பிஸ்டன் தலையின் பள்ளத்தை ஆழமாக்க வேண்டும், அல்லது பள்ளம் பெரிதாக உள்ள பிஸ்டனை வாங்க வேண்டும். டெக்கைச் சீவினால், லிஃப்டரிலிருந்து ராக்கர் ஆர்மைத் தள்ளி வால்வைத் திறக்கவைக்கும் புஷ் ராடின் நீளத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். 4.0-இல் ராக்கர் ஆர்மை முறுக்கிச் சரிசெய்ய முடியாது, லிஃப்டர் எவ்வளவு அமுங்கும் என்பதை அந்த நீளம்தான் முடிவுசெய்யும்.

என் இலக்கு 9.2-ஐ ஒட்டியது. அதற்கு மேலே போவதென்றால் 91 ஆக்டேன் போட மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

12 எடை கிராங்க், 4 எடை கிராங்க் என்கிறார்களே, அது என்ன?

கிராங்கின் கைகளில் ராடு ஜர்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கனமான பகுதிதான் எதிரெடை. 1970-களின் 4.2 கிராங்கில் அது 12. 1980-களின் தொடக்கத்திலிருந்து அதை 4 ஆகக் குறைத்து, கிராங்கை லேசாக்கினார்கள்.

இரண்டையும் போடலாம். 12 எடை கிராங்கில் ஒவ்வொரு ஜர்னலின் இழுப்பும் பக்கத்திலேயே சமன்படுகிறது, மெயின் பேரிங்குகளுக்கு நிம்மதி. ஆனால் கனம் கூடுதல். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் எழும்பக் கொஞ்சம் யோசிக்கும். கல்லும் மேடுமான பாதையில் மெதுவாக ஏறுகிறவருக்கு அந்தக் கனம் நல்லது, இன்ஜின் எளிதில் அணையாது. சாலையில் ஓட்டுகிறவர் 4 எடை கிராங்கை விரும்புவார். இரண்டில் நல்ல நிலையில் எது கிடைக்கிறதோ அதை எடுங்கள் என்பேன். தேய்ந்த 12 எடையைவிடத் தேயாத 4 எடை ஆயிரம் மடங்கு மேல்.

பேலன்ஸ் செய்ய வேண்டுமா? ராடும் பிஸ்டனும் மாறுகின்றனவே?

நேர்வரிசை ஆறு சிலிண்டருக்கு இதில் ஒரு பிறவி வசதி இருக்கிறது. ஜர்னல்கள் 120 பாகை இடைவெளியில், முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல் அமைந்திருப்பதால், பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதில் வரும் விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆறு பிஸ்டனும் ஆறு ராடும் ஒரே எடையாக இருந்தால் போதும். அந்த எடை பழையதைவிடக் கூடியதா குறைந்ததா என்பது இன்ஜினின் மொத்த சமநிலையைப் பாதிக்காது. வி8-இல் இந்தச் சலுகை கிடையாது. அங்கே பிஸ்டன் எடை மாறினால் எதிரெடையையும் மாற்ற வேண்டும்.

அதனால் ஆறையும் தராசில் வைத்து, எது இலேசோ அந்த எடைக்கு மற்றவற்றைக் கொண்டுவாருங்கள். ராடுக்குப் பெரிய கண் தனியாக, சின்னக் கண் தனியாக. கிராங்கை அதன் முன்பக்க டேம்பர் (அதிர்வை அடக்கும் சக்கரம்), ஃபிளைவீலோடு ஒரு முறை பேலன்சிங் மிஷினில் சுற்றிப் பார்ப்பது நல்லது. பழைய டேம்பரில் இரும்பு வளையத்துக்கு நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருந்தால் அதை மறுபடி பூட்டாதீர்கள். நீளமான கிராங்க், சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் ஒவ்வொரு முறையும் முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த முறுக்கலை விழுங்குவது அந்த ரப்பர்தான்.

முன்பக்கமும் பின்பக்கமும் அப்படியே பொருந்துமா?

முக்கால்வாசி பொருந்தும், கால்வாசியில்தான் மாட்டிக்கொள்வோம்.

பல 4.2 கிராங்குகளில் முன்மூக்கு 4.0-ஐவிட நீளம். 4.0-இன் டேம்பரை ஏற்றி போல்ட்டை முறுக்கினால், வாஷர் டேம்பரை அழுத்தாமல் மூக்கின் நுனியில் போய் முட்டி நிற்கும். வெளியே பார்க்க எல்லாம் இறுக்கமாகத் தெரியும். உள்ளே டேம்பர், சாவி என்ற சின்ன இரும்புத் துண்டை நம்பித்தான் நிற்கிறது. சில நூறு மைல் கழித்து சாவி வெட்டப்படும். வாஷருக்கு அடியில் ஒரு ஸ்பேசர் வைக்கலாம், அல்லது லேத்தில் மூக்கைக் குறைக்கலாம். இதை இன்ஜின் வண்டிக்குள் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஃபிளைவீல் விஷயத்தில் உங்கள் 4.0-இன் சொந்த ஃபிளைவீலையே பூட்டுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் அதன் ஃப்ளெக்ஸ் பிளேட்டை. 4.0-இல் கிராங்க் சென்சார் படிப்பது அதன் விளிம்பிலுள்ள வெட்டுகளைத்தான். 1987 முதல் 1990 வரை இருந்த ரெனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் முறைக்கு ஒரு மாதிரி வெட்டு, 1991-க்குப் பிறகு வேறு மாதிரி. மாற்றிப் பூட்டினால் இன்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. கியர்பாக்ஸின் உள்தண்டு போய் உட்காரும் துளையையும் அளந்து பாருங்கள். பழைய கிராங்குகளில் அந்தத் துளையின் அளவு எல்லாவற்றிலும் ஒன்றல்ல. பொருத்தமான பைலட் பேரிங் வேண்டும்.

பழைய கிராங்க் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பழைய வண்டிகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஓர் ஈகிளின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கிராங்கைப் பார்த்தது நினைவிருக்கிறது. ஆயில் பேனைக் கழற்றியதும் கறுத்த எண்ணெய் கை முழுக்க வழிந்தது. ஒரு ராடு தொப்பியைக் கழற்றி, ஜர்னலைத் துணியால் துடைத்து, விரல் நகத்தைக் குறுக்கே மெல்ல ஓட்டினேன். நகம் ஓரிடத்தில் சிக்கியது. கண்ணுக்கு மினுமினுப்பாகத்தான் தெரிந்தது, ஆனால் நகத்துக்கு வரி தட்டுப்பட்டது. வரி நகத்தில் சிக்கினால் அந்தக் கிராங்கை கிரைண்டிங் செய்துதான் ஆக வேண்டும். அடுத்த தொப்பியின் பேரிங்கைத் திருப்பிப் பார்த்தால் செம்பு நிறம் தெரிந்தது. மேலே உள்ள மென்மையான உலோகம் தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பேரிங்கின் முதுகில் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். அது 010 என்றால் முன்பே ஒரு தடவை பத்து தவ் கிரைண்டிங் ஆகியிருக்கிறது.

பத்து, இருபது, முப்பது தவ் வரை பேரிங் கிடைக்கும். நான் இருபதோடு நிறுத்திக்கொள்வேன். கிரைண்டிங்குக்கு முன் காந்தத்தூள் போட்டு வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜர்னலின் இரு ஓரத்திலும் உள்ள வளைவு, கிரைண்டிங்கில் கூர் மூலையாகிவிடக் கூடாது. வெடிப்பு தொடங்குவது எப்போதும் அந்த மூலையில்தான்.

என்னிடம் ஒரு முறை கிரைண்டிங் ஆகி வந்த கிராங்கில் ஆயில் துளைகளுக்குள் அரைத்த தூள் அப்படியே இருந்தது. பட்டறையில் கழுவியதாகத்தான் சொன்னார்கள். நீளமான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்து ஒவ்வொரு துளையாகத் தேய்த்தபோது சாம்பல் நிறத்தில் குழம்பாக வெளியே வந்தது. அதோடு கோர்த்திருந்தால் புதுப் பேரிங் பத்து நிமிடம் தாங்கியிருக்காது. அன்றிலிருந்து யார் கழுவிக் கொடுத்தாலும் நான் ஒரு தடவை கழுவாமல் கோர்ப்பதில்லை.

கோர்க்கும்போது எந்த அளவுகளை விடவே கூடாது?

மெயின் பேரிங் இடைவெளி 2 தவ் பக்கம் இருக்கட்டும். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் இழை) வைத்து ஏழையும் பாருங்கள், ஒன்றிரண்டோடு விட்டுவிடாதீர்கள். கிராங்க் முன்னும் பின்னும் நகரும் அளவைத் தாங்குவது மூன்றாவது மெயின் பேரிங். அதை டயல் கேஜில் பாருங்கள். மெயின் தொப்பிக்கு 80 அடி-பவுண்டு, ராடு நட்டுக்கு 33 என்பது வழக்கமான முறுக்கு. உங்கள் வருடத்து மேனுவலில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

ராடு போல்ட்டைப் புதிதாக வாங்குங்கள். முப்பது, நாற்பது வருடம் இழுபட்ட போல்ட்டில் மிச்சம்பிடிக்க எதுவும் இல்லை.

பிறகு மிக முக்கியமானது. ஒரே ஒரு பிஸ்டனை ரிங் இல்லாமல் போட்டு, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நீண்ட ஸ்ட்ரோக்கில் ராடு போல்ட்டின் தலை பிளாக்கின் அடிப்பகுதி பக்கம் எவ்வளவு நெருங்குகிறது என்று பாருங்கள். 1996 முதல் வந்த பிளாக்குகளில் மெயின் தொப்பிகளை இணைக்கும் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு, அதன் பக்கத்திலும் பாருங்கள். அதே பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, டெக்கில் டயல் கேஜ் வைத்து இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முதல், கடைசி சிலிண்டர்களிலும் அளக்க வேண்டும். டெக் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும். நான் மேலே கொடுத்த 9.453 பொதுவான கணக்கு. உங்கள் பிளாக்கின் எண் உங்கள் டயல் கேஜில் மட்டும்தான் இருக்கிறது.

இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் சமாளிக்குமா?

4.0-இலிருந்து 4.5-க்கு வந்தால் காற்று சுமார் 14 சதவீதம் கூடும், பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே சரிசெய்துகொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில் அது சென்சாரைக் கேட்காது, தன் பட்டியலில் உள்ளதைத்தான் கொடுக்கும். அங்கேதான் பெட்ரோல் பற்றாமல் போய், சூடேறி, இடிக்கும். அந்த விகிதத்துக்குப் பெரிய இன்ஜெக்டர் வாங்குங்கள். வாங்கும்போது எந்த அழுத்தத்தில் அளந்த அளவு என்று கேளுங்கள். 1991 முதல் 1995 வரை செரோக்கியின் பெட்ரோல் அழுத்தம் 39 பி.எஸ்.ஐ., 1997 முதல் 49. அதே இன்ஜெக்டர் பின்னதில் அதிகமாகவே பீய்ச்சும்.

பவர் எவ்வளவு கூடும்? அதிக ஆர்.பி.எம்.-இல் ஓட்டலாமா?

கூடுவது டார்க், அதாவது சுழற்றும் விசை, அதுவும் கீழ் ஆர்.பி.எம்.-இல். கொள்ளளவு கூடிய அதே 14 சதவீதத்தை ஒட்டி எதிர்பார்க்கலாம். மேலே போகப் போக, ஹெட்டும் வால்வுகளை இயக்கும் கேமும் பழையவையே என்பதால் மூச்சு முட்டும். 5,000 ஆர்.பி.எம்.-இல் 4.0 பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 14.5 மீட்டர்; இந்தக் கிராங்கில் 16.5. வார்ப்பிரும்புக் கிராங்க், பழைய ராடு, இவற்றோடு 5,000-ஐத் தாண்டிக்கொண்டே இருப்பது சரியில்லை. வண்டியை இழுக்கவும் மேடு ஏறவும் செய்த இன்ஜின் என்று வைத்துக்கொண்டு ஓட்டினால் மனம் நிறையும்.

4.0 கிராங்கை 4.2 பிளாக்கில் போடலாமா?

பொருந்தும், 3.7 லிட்டராகக் குறையும். செய்ய ஒரு காரணமும் இல்லை.

வேறு ஆறு சிலிண்டர் இன்ஜின்களிலும் இப்படிச் செய்யலாமா?

நிறையவே உண்டு. டாட்சன் எல் வரிசை இதற்குப் பேர்போனது. 240இசட் காரின் எல்24-க்கு ஸ்ட்ரோக் 73.7 மி.மீ., 280இசட்டின் எல்28-க்கு 79. அதே குடும்பத்தின் டீசலான எல்டி28-க்கு 83. அந்த டீசல் கிராங்கை எல்28 பிளாக்கில் போட்டு, போரை 86-இலிருந்து 89 ஆக்கினால் 3.1 லிட்டர். கூட்டல் கணக்கு அங்கேயும் அதேதான். எல்24-இன் 133 மி.மீ. ராடைப் போட்டுப் பின் உயரம் குறைந்த பிஸ்டன் தேடுவார்கள்.

பி.எம்.டபிள்யூ. எம்20-இல் 2.5-க்கு ஸ்ட்ரோக் 75, மைலேஜுக்காகச் செய்த 2.7-க்கு 81, இரண்டுக்கும் போர் 84. 2.7-இன் கிராங்கும் 130 மி.மீ. ராடும், 2.5-இன் ஹெட்டும் சேர்ந்தால் அருமையான கூட்டணி.

டொயோட்டாவில் ஆசைப்பட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். 1ஜேஇசட்டும் 2ஜேஇசட்டும் ஒரே 86 போர், ஸ்ட்ரோக் 71.5, 86. பார்த்தால் எளிது போலத் தெரியும். ஆனால் 2ஜேஇசட் பிளாக்கின் டெக், 1ஜேஇசட்டைவிட 14 மி.மீ. அதிக உயரம். நீள ஸ்ட்ரோக்குக்கான இடம் பிளாக்கின் உயரத்திலேயே இருக்கிறது, குட்டை பிளாக்கில் அது கிடையாது. அதனால்தான் பலர் கிராங்கை விட்டுவிட்டு, 2ஜேஇசட் பிளாக்கின் மேல் 1ஜேஇசட் ஹெட்டை வைக்கிறார்கள்.

வி6-இல் இன்னும் கவனம் வேண்டும். ப்யூக்கின் 231 வி6-ஐப் பாருங்கள். 1977 நடுவரை அந்த இன்ஜின் 90 பாகை, 150 பாகை என்று மாறி மாறி வெடித்தது. பிறகு ராடு ஜர்னல்களை 30 பாகை பிரித்து, சீராக 120 பாகைக்கு ஒரு வெடிப்பு என்று ஆக்கினார்கள். பெயரும் கொள்ளளவும் ஒன்றுதான். ஆனால் புதுக் கிராங்கைப் பழைய கேமோடும், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரோடும் போட்டால் மூன்று சிலிண்டருக்கு வால்வும் தீப்பொறியும் தப்பான நேரத்தில் வரும். அளவுகோலால் கண்டுபிடிக்க முடியாத வேறுபாடு அது. இன்ஜின் எந்த வருடத்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கோர்த்து முடித்துவிட்டேன். முதல் ஸ்டார்ட்டில் என்ன செய்வது?

முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, ஆயில் பம்பின் தண்டை டிரில்லால் சுற்றி, ராக்கர்கள் எல்லாவற்றிலும் எண்ணெய் வருகிறதா என்று பாருங்கள். பழைய கேமும் பழைய லிஃப்டரும் என்றால் ஒவ்வொரு லிஃப்டரும் தன் பழைய இடத்துக்கே போயிருக்க வேண்டும். புதுக் கேம் என்றால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள். 2,000 ஆர்.பி.எம்.-க்கு மேலே, கொஞ்சம் ஏற்றி இறக்கி, இருபது நிமிடம் ஓட்டுங்கள். இந்த இன்ஜினின் லிஃப்டர் தட்டை அடிப்பாகம் கொண்டது. கேமோடு அது பழகுவது அந்த இருபது நிமிடத்தில்தான். துத்தநாகம் கலந்த ஆயில் போடுங்கள்.

அணைத்து, ஆறவிட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டித் திறந்து, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பூச்சு லேசாக இருந்தால் அது ரிங் பழகிய தூள், சரிதான். செம்பு நிறத்தில் மின்னினால் அன்றே ஆயில் பேனைக் கழற்றுங்கள்.